எடுத்து வைத்த பெயர்

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நகுசான்னே வச்சுடலாம்," என்றாள் அக்கா.

பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. தம்பிக்கு மூன்றாவதும் பெண் என்று கேள்விப்பட்டு பஸ் பிடித்து வந்தவள், குழந்தையின் முகத்தைப் பார்க்கும் முன்பே பெயரைச் சொல்லிவிட்டாள்.

கட்டிலில் குழந்தையோடு படுத்திருந்த வைஷாலிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நகுசா என்றால் வேண்டாதவள். மகாராஷ்டிரத்தில் எங்கள் சாத்தாரா பக்கம் பெண்ணுக்கு மேல் பெண்ணாகப் பிறந்தால் சில வீடுகளில் இந்தப் பெயரை வைத்துவிடுவார்கள். பெண் போதும் என்பது கடவுளுக்குப் புரிந்து, அடுத்ததை ஆணாக அனுப்புவாராம். அவருக்கு வேறு வேலையில்லை பாருங்கள்.

இதில் கொடுமை, அக்காவின் பெயரே நகுசாதான்.

"எனக்கு வச்சாங்க. அடுத்ததே நீ பொறந்தே. பலிச்ச பேருடா தத்தா."

தத்தா தலையைக் குனிந்துகொண்டான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அந்தப் பெயர்தான் அவன் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. மனைவியிடம் ஒருமுறை மெல்லப் பேச்செடுத்தான். அவள் அழுத அழுகையில் வாயை மூடிக்கொண்டான். இப்போது அக்காவே சொல்லிவிட்டாள், பழி தன் தலையில் விழாது.

"நீ சொன்னா சரிக்கா," என்றான் உடனே.

"ஊருக்கு ஜிலேபி கொடுத்தியா?"

பையன் என்றால் பேடா, பெண் என்றால் ஜிலேபி. மூத்தவளுக்குக் கொடுத்திருந்தான்.

"மூணாவதுக்குமாக்கா?" என்று இழுத்தான்.

"சரி, தொட்டில் போடற அன்னிக்காவது ஊரைக் கூப்பிடு. ஒரு வீட்டையும் விடக் கூடாது. பேர் வைக்கப் போற அத்தை நான். எனக்குப் பட்டுப் புடவை வேணும், இப்பவே சொல்லிட்டேன்."

அவள் கைகால் கழுவப் பின்கட்டுக்குப் போனதும் வைஷாலி பொரிந்து தள்ளினாள்.

"தான் பட்டது போதாதா? என் குழந்தையையும் அதே குழியில தள்ளணுமா? ஒரு புடவைக்காக வந்திருக்காங்க உங்க அக்கா."

"மெதுவாப் பேசு. காதுல விழப் போகுது."

"விழட்டும். இவங்க வேண்டாம். பெரியக்கா சுனந்தாவைக் கூப்பிடுங்க, அவங்க பேர் வைக்கட்டும்."

"அவ வந்தா மட்டும்? நான் சொல்ற பேரைத்தான் சொல்லுவா," என்றான் தத்தா, சுவரைப் பார்த்தபடி.

பின்கட்டில் தண்ணீர் மொள்ளும் சத்தம் நின்றிருந்தது. சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டது.

அதன்பின் தொட்டில் போடும் நாள்வரை வைஷாலி குழந்தையை அக்காவின் கையில் கொடுக்கவே இல்லை. பால் குடிக்கிறாள், தூங்குகிறாள் என்று ஏதாவது ஒரு சாக்கு. அக்காவும் வற்புறுத்தவில்லை.

விழாவன்று கூடம் நிறையப் பெண்கள். குழந்தையைத் தொட்டிலுக்கு மேலும் கீழுமாகக் கைமாற்றிப் படுக்க வைத்தார்கள். பட்டுப் புடவை சரசரக்க அக்கா முன்னால் வந்தாள். அத்தை குழந்தையின் காதில் பெயர் சொல்லும்போது அத்தையின் முதுகில் செல்லமாகக் குத்துவது வழக்கம். பெண்கள் தயாராக நின்றார்கள்.

"பலமாக் குத்துங்கடி. புடவை சும்மாவா வந்துச்சு?" என்றாள் ஒருத்தி.

வைஷாலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அக்கா குனிந்தாள். வழக்கப்படி முதலில் குழந்தையின் காதில் "குர்ர்ர்" என்று ஊதினாள். முதுகில் குத்துகள் விழுந்தன. நிமிர்ந்து, முதுகைத் தடவிக்கொண்டே, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. எங்க வீட்டுப் பொண்ணு பேரு இந்திராயணி."

பெண்கள் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். ராணிக்கு வைத்த மாதிரி இருக்கிறது என்றார்கள். சுண்டல் வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

தத்தா அக்காவின் பக்கத்தில் வந்தான். முகம் சிவந்திருந்தது.

"என்னக்கா இது? நகுசான்னு நீதானே சொன்னே?"

"சொன்னேன். சொல்லலைன்னா என்னைத் தொட்டில் பக்கம் விட்டிருப்பியா? பெரியக்காவைக் கூட்டிட்டு வந்திருப்பே. இப்ப ஊரே கேட்டாச்சு. அத்தை வச்ச பேரை மாத்த முடியாது."

வைஷாலிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

"அக்கா, அன்னிக்கு நான் பேசினது..."

"என்ன பேசினே? தண்ணிச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலைம்மா."

வைஷாலி குழந்தையைத் தூக்கி அக்காவின் மடியில் வைத்தாள்.

தத்தாவால் அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டான்.

"பேரு நல்லாத்தான் இருக்கு. எங்கேர்ந்துக்கா பிடிச்சே?"

அக்கா குழந்தையின் குல்லாவைச் சரிசெய்தாள்.

"மறந்துட்டியா? வைஷாலியைப் பொண்ணு பார்க்கப் போனோமே. இவ அவல் தட்டை நீட்டறா, இவ அப்பா என் பேரைக் கேக்கறார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நீ முந்திக்கிட்டு, 'அக்கா பேரு இந்திராயணி'ன்னே."

தத்தா தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"என் பேரைச் சொல்ல உனக்குக் கூச்சமா இருந்துச்சு. போகட்டும். அன்னிக்கு ஒரு சாயங்காலம் அது என் பேரா இருந்துச்சுடா. வீணாப் போக வேண்டாமேன்னு எடுத்து வச்சிருந்தேன்."