நாலாவது மொட்டைப் பெட்டிசன்

"பையைக் கொட்டும்மா" என்றார் மேனேஜர் ராஜமாணிக்கம்.

தமிழ்செல்வி கைப்பையை மேஜைமேல் கவிழ்த்தாள். சாப்பாட்டு டப்பா, கடம்பத்தூர் ரயில் சீசன் டிக்கெட், புருஷனுக்கு வாங்கிய வலி மாத்திரை. ராஜமாணிக்கம் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். அவர் தேடியது திருட்டுப் பொருளை அல்ல, ஒரு காகிதத்தை.

"பெட்டிசன் காப்பி எங்க?"

"இன்னா பெட்டிசன் சார்? சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது சார்."

காக்களூர் தொழிற்பேட்டையில் இரும்பு உதிரிபாகங்கள் செய்யும் அந்தக் கம்பெனியின் மேல் ஆறு மாதத்தில் போன நாலாவது மொட்டைப் பெட்டிசன் அது. கம்ப்யூட்டரில் அடித்தது, கையெழுத்து கிடையாது. பெட்டிசன் போன மூன்றாம் நாள் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஹெலன் ஜீப்பில் வந்து இறங்கிவிடுவார். அவருக்கும் முதலாளி பூவராகவனுக்கும் நடக்கும் சண்டை மெஷின் சத்தத்தையும் மீறி ஷெட் முழுக்கக் கேட்கும்.

"என் கம்பெனில எனக்கே ரூல் சொல்றீங்களா?" என்று பூவராகவன் மேஜையைத் தட்டுவார்.

"கம்பெனி உங்களுது சார். மெஷினுக்குள்ள போற கை உங்களுது இல்ல" என்று ஹெலன் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வார்.

ஆர்.கே.பேட்டையில் பரம்பரை நிலம், நாற்பதை நெருங்கும் வயதிலும் கல்யாணம் ஆகாத, கம்பெனியைத் தவிர வேறு நினைப்பில்லாத ஆள் பூவராகவன். ஹெலன் வரும்வரை அவரை எதிர்த்துப் பேசியவர்கள் யாரும் இல்லை.

இந்தத் தடவை பெட்டிசனில் இருந்தது ஒரே விஷயம் என்று ஹெலனின் ஆபீசில் தெரிந்தவர் மூலம் ராஜமாணிக்கத்துக்குத் தகவல் வந்திருந்தது. கிரேன் கொக்கியில் விரிசல்.

"அந்த விரிசல மொதல்ல பாத்தது ஸ்டோர்ஸ் கிளார்க் நீதான? வேற யாருக்குத் தெரியும்?"

"மொதலாளிகிட்ட மட்டும்தான் சார் சொன்னேன். அன்னிக்கே கிரேன நிறுத்தி பூட்டு போட்டுட்டாரு. யார்கிட்டயும் பேசாதன்னாரு. ஊட்டுக்காரருகிட்டகூட நான் மூச்சு உடல சார்."

"அப்போ பெட்டிசன் தானா நடந்து போச்சா?" ராஜமாணிக்கம் ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். ராஜினாமாக் கடிதம். "கையெழுத்து போட்டுக் குடுத்துட்டுப் போய்க்கினே இரு. இல்ல, போலீசக் கூப்புடுவேன்."

புருஷன் சின்னராசு பொங்கலுக்கு முன்னால் கூரைத் தகட்டிலிருந்து விழுந்து இன்னும் படுக்கையில் கிடந்தான். மகள் பூமிகா பிளஸ் டூ. பெட்டிசன் போட்டவள் என்று பெயர் வந்துவிட்டால் தொழிற்பேட்டையில் எந்தக் கம்பெனி கேட்டும் அவளுக்குத் திறக்காது. பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள்.

வெளியே ஜீப் நின்றது. கொஞ்ச நேரத்தில் ஷெட்டிலிருந்து சண்டை போட்டபடியே பூவராகவனும் ஹெலனும் உள்ளே வந்தார்கள்.

"பூட்டிக் கெடக்கற கிரேனப் பாக்கவா மேடம் இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"பெட்டிசன் வந்தா நான் வந்துதான் ஆகணும் சார். அது என் வேல."

ராஜமாணிக்கம் குறுக்கே புகுந்தார். "சார், ஆளு மாட்டிக்கிச்சு. பெட்டிசன் போட்டது இந்தம்மாதான். நீங்க ஒரு வார்த்த சொன்னா இன்னிக்கே வெளிய அனுப்பிடலாம்."

பூவராகவன் அந்தத் தாளை எடுத்தார். அவர் கை நடுங்குவது தமிழ்செல்விக்குத் தெரிந்தது. கொதிக்கும் உலைக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்கும் கை அது. இவ்வளவு கோபமா என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

தாள் கிழிபடும் சத்தம் கேட்டது.

"இவங்க எழுதல" என்றார் பூவராகவன்.

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "தெரியும். வுடு."

"அப்ப வேற யாரு சார்? கண்டுபுடிக்காம வுட்டா..."

"வுடுன்னு சொல்றேன்ல!"

அந்தக் கத்தலில் தமிழ்செல்விக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஆனால் கத்தியவர் யார் முகத்தையும் பார்க்காமல் சுவர்க் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹெலன் ராஜமாணிக்கத்தின் பக்கம் திரும்பினார். "பெட்டிசன் போட்டாங்கன்னு யாரையும் வேலைய விட்டு எடுக்க முடியாது சார். எடுத்தா அதுக்குத் தனியா கேஸ் வரும்." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "ஆனா அந்தக் கேஸ எழுதறது நானா இருக்க மாட்டேன். இந்தக் கம்பெனிய வேற ஆபீசர் பாக்கட்டும்னு நானே எழுதிக் கேட்டிருந்தேன். காலைல ஆர்டர் வந்துடுச்சு. இனிமே இங்க நான் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர மாட்டேன்" என்றார்.

பூவராகவனின் முகத்தில் ரத்தமே இல்லை. தொல்லை விட்டது என்று நினைக்கிறவரின் முகமாக அது தெரியவில்லை. "ஏன்..." என்று ஏதோ கேட்க வந்தார்.

ஹெலன் ஃபைலைப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசல்வரை போனார். அங்கே நின்று திரும்பி, இந்த ஆறு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

"என்னப் பாக்கணும்னா இனிமே பெட்டிசன் எழுதாதீங்க சார், ஒரு போன் பண்ணுங்க."