கப்பலைப் பற்றித் தெரிந்தவர்கள்

என் மனைவி அரசி இறந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அண்ணன் திருமாறன் எனக்குத் துணையாக வந்து உட்கார்வார். அன்று டிவியில் தமிழில் டப் செய்த வெளிநாட்டுப் படம் ஓடியது. ஊரையே மூடும் கப்பல் ஒன்று வானத்தில் வந்து நின்றது. வேற்றுக்கிரகவாசிகள் கட்டடங்களை எரித்தார்கள். அவர்கள் வருவது அதிபருக்கும் அவருடைய ஆட்களுக்கும் முன்பே தெரியுமாம். ஜனங்கள் கடைசிவரை நிம்மதியாக இருக்கட்டும் என்று மறைத்துவிட்டார்களாம்.

“சும்மா அளக்கறான் மச்சான். இத்தனை பேருக்குத் தெரிஞ்சும் ஒருத்தன்கூடவா உளறியிருக்க மாட்டான்?” என்றேன்.

“ஏன், நாங்க உளறினோமா?” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அப்புறம்தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

நான் டிவியை அணைத்தேன்.

“அவ சத்தியம் வாங்கிட்டா மாப்ள. பாண்டிச்சேரி போயிட்டு வர்ற வரைக்குமாவது நீங்க சந்தோஷமா இருக்கணும்னு சொன்னா.”

நாங்கள் பாண்டிச்சேரி போனது தை மாதம். அரசிக்குப் புற்றுநோய் என்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னது அதற்கு மூன்று மாதம் கழித்து, சித்திரையில். அப்போது அரசி, முதல்முறை கேட்பவளைப் போல, நகம் பதிய என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பிடிதான் என்று நினைத்திருந்தேன்.

“வேற யாருக்கெல்லாம் தெரியும்?”

திருமாறன் வாய் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து என் அம்மா, வழக்கத்தைவிடச் சத்தமாக, “சாப்பாடு ஆறுது, ரெண்டு பேரும் எழுந்து வாங்க” என்றாள்.