எட்டாம் வார்டு வேகத்தடை

போட்டு மூன்று நாள்கூட ஆகாத வேகத்தடையைப் பெயர்க்க, பேரூராட்சித் தொழிலாளி வீரபாகு கடப்பாரையோடு வந்து நின்றார்.

மாலை நான்கு மணி. வெயிலில் தார் இன்னும் இளகியிருந்தது.

எடுப்பதா, விடுவதா? நேரில் பார்த்துச் சொல்லும்படி பேரூராட்சி செயல் அலுவலர் எட்டாம் வார்டு கவுன்சிலர் மதுமதியிடம் விட்டிருந்தார்.

வேப்பமரத்தடியில் நின்ற மதுமதிக்கு ஒரு பக்கம் கோழிப்பண்ணை சண்முகவேல், புகார் கொடுத்தவர். மறுபக்கம் தோளில் கைக்குழந்தையோடு சௌந்தர்யா, வேகத்தடை வேண்டும் என்று மனு எழுதியவள்.

தெருவில் முப்பத்தொரு வீட்டுப் படியேறிக் கையெழுத்து வாங்கியிருந்தாள். தன் வீட்டு வாசலுக்கு நேராகத்தான் வேண்டும் என்று மனுவின் பின்பக்கம் படமே வரைந்திருந்தாள்.

"பள்ளிக்கூடமில்ல, கோயிலில்ல, ஒரு ஆக்ஸிடென்ட் ஆனதில்ல. இங்க எதுக்குங்க மெம்பரம்மா மேடு? என்னோட வண்டி பூராம் முட்டை. ஒரு குலுக்குக் குலுக்குனா அட்டை அட்டையா ஒடைஞ்சு போயிருங்க" என்றார் சண்முகவேல்.

"கொழந்தைக விளையாடற எடமுங்க" என்றாள் சௌந்தர்யா.

சண்முகவேல் அவள் தோளைப் பார்த்தார்.

"இதா விளையாடப் போகுது? இன்னும் தலையே நிக்கல போலிருக்குதே அம்மிணி!"

வீரபாகு சிரித்துவிட்டார். சௌந்தர்யா குழந்தையின் பின்னந்தலையைக் கையால் தாங்கிக்கொண்டாள்.

மனுவை மன்றக் கூட்டத்தில் வைத்துப் பேசியது மதுமதிதான். அன்றைக்குக் காரணம் கேட்டபோதும் இதே பதில்தான் வந்தது.

சண்முகவேல் கைபேசியை நீட்டினார். திரையில் அவருடைய ஆறு லாரிகளும் ஆறு புள்ளிகள். ஓடினால் பச்சை. நின்றால் சிவப்பு, உடனே மணியடிக்கும்.

"ஈஸ்வர்னு ஒரு டிரைவர், ராப்பகலா வண்டியிலயே கெடக்கறவன். லோடு ஏத்திட்டுக் கெளம்புனா இந்த ரோட்டுல அஞ்சு நிமிசம் வண்டியை நிறுத்திருவான். டீயைப் பண்ணையிலயே குடிச்சுட்டு வந்தா என்னங்க? ஜிபிஎஸ் பொட்டியை மாட்டுனேன். ரெண்டு தடவை மணியடிச்சுது, போன்லயே புடிச்சு வாங்குனேன். அப்பறம் நிக்கறதே இல்லீங்க. இப்ப நீங்க மேட்டைப் போட்டு எல்லா வண்டியையும் உருட்ட வெக்கறீங்க."

சௌந்தர்யா தெருவோரத்தில் காய்ந்துகிடந்த கால்வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நியாயம் சண்முகவேல் பக்கம் இருப்பதாகத்தான் மதுமதிக்குப் பட்டது. வீரபாகுவைப் பார்த்துத் தலையசைத்தார்.

கடப்பாரை உயர்ந்தபோது தெருமுனையில் ஹாரன் கேட்டது. குட்டையாக இரண்டு தடவை.

மற்றவர்கள் திரும்புமுன் சௌந்தர்யா திரும்பியிருந்தாள்.

முட்டை லாரி வந்தது. வேகத்தடைக்கு நாற்பதடி இருக்கும்போதே வேகம் தணிந்தது. ஆள் நடக்கும் வேகத்துக்கு வந்து, அதற்கும் கீழே இறங்கியது. வீரபாகு கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்.

முன்சக்கரம் மேட்டில் ஏறியது.

டிரைவர் ஜன்னலிலிருந்து ஒரு கை கீழே நீண்டது. சௌந்தர்யா குழந்தையை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தபடி லாரியோடு சேர்ந்து நடந்தாள். அந்தக் கை குழந்தையின் கன்னத்தைத் தொட்டது. பிறகு பின்னந்தலையைத் தாங்கியது.

"தலை நின்னுருச்சா?"

"இன்னும் நாலு நாளு ஆகும்."

முன்சக்கரம் இறங்கியது. பின்சக்கரம் ஏறியது. சௌந்தர்யாவுக்கு மொத்தம் எட்டு அடி நடக்கக் கிடைத்தது.

ஈஸ்வரின் கண் தன் குழந்தையைவிட்டு நகரவில்லை. வேப்பமரத்தடியில் நின்றிருந்த முதலாளியை அவன் கவனிக்கவே இல்லை.

பின்சக்கரமும் இறங்கியது. லாரியில் ஒரு முட்டைகூட அசைந்திருக்காது.

வண்டி வளைவில் மறைந்தது. சண்முகவேல் கைபேசியைக் குனிந்து பார்த்தார். மணி அடிக்கவில்லை. புள்ளி பச்சையாகவே இருந்தது.

"பேத்துரட்டுங்களா?" என்றார் வீரபாகு. இந்தத் தடவை சண்முகவேலைப் பார்த்துக் கேட்டார்.

சண்முகவேல் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சௌந்தர்யா பக்கம் திரும்பவில்லை.

"வெள்ளைக் கோடே போடலீங்களே மெம்பரம்மா" என்றார். "தூரத்துல இருந்தே தெரியற மாதிரி போட்டுவிடச் சொல்லுங்க."