இல்லாத காரின் இடம்

காலை வெயிலில் முளைக்குச்சிகளின் நிழல்கள் நீளமாக விழுந்திருக்க, காலி மனையில் ஒரு வீடு சுண்ணாம்புக் கோடுகளாகப் படுத்துக் கிடக்கிறது. சமையலறைக் கட்டத்தில் நின்று அவள் கைகளை விரிக்கிறாள். இரண்டு உள்ளங்கைகளும் சுவர்க் கோடுகளைத் தாண்டி நிற்கின்றன. வரைபடத்தில் அவள் பார்த்த சமையலறை இதுவல்ல. "யாரு இதைச் சுருக்கினது?" கொத்தனார் கையிலிருக்கும் நூல்கண்டைப் பார்க்கிறார். கணவன் தொண்டையைச் செருமுகிறான். "பட்ஜெட் இடிக்குதும்மா. எங்கயாவது கை வைக்கத்தானே வேணும்." பக்கத்துக் கட்டத்தில் யாரும் கை வைக்கவில்லை. கார் நிறுத்தும் இடம் மைதானம் மாதிரி பரந்து கிடக்கிறது. "நம்மகிட்ட கார் இருக்கா?" "என்னைக்காவது வாங்க மாட்டோமா?" அவளுக்குச் சுர்ரென்று தலைக்கேறுகிறது. "இங்க வாங்க. அடுப்பு மேடை இது. அடியிலிருந்து குக்கர் எடுக்கிற மாதிரி குனிங்க." அசட்டுச் சிரிப்போடு வந்து அவன் குனிகிறான். அவன் பின்புறம் சுவரைக் கடந்து, இல்லாத காரின் மேல் போய் உட்காருகிறது. கொத்தனார் சிரிப்பை இருமலாக்கி விழுங்குகிறார். அவள் சிரிக்கவில்லை. "ஆயுசு முழுக்க இங்க குனியப்போறது நான்." இரண்டு கட்டங்களுக்கும் நடுவிலிருக்கும் குச்சியை ஆட்டிப் பிடுங்குகிறாள். நூல் தொய்ந்து மண்ணில் விழுகிறது. "அம்மா, சாரை ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று இழுக்கிறார் கொத்தனார். "அவரை வச்சுத்தான் அளக்கிறேன்." நிமிரப்போன கணவனிடம், "அசையாதீங்க" என்கிறாள். குனிந்த அவன் நிழல் கார் இடத்தின் பாதிவரை நீண்டு கிடக்கிறது. அது முடியும் இடத்தில் குச்சியை ஊன்றி, கொத்தனாரின் சுத்தியலை எடுத்து ஓங்குகிறாள்.