டாக்டரின் தைரியம்

"ரெண்டு புள்ள பெத்த பொறவு அந்த எடம் முன்ன மாதிரி இல்லீங்க. கத்தி வைக்காம, ஃபில்லர்னு ஒரு ஊசி போட்டே இறுக்கமாக்கிச் சரி பண்றாங்களாம். போன்ல பார்த்தேன்," என்றான் மரக்காணத்து உப்பளக்காரன் ராஜவேல். பக்கத்தில் அவன் மனைவி தமயந்தி தலை நிமிரவே இல்லை.

டாக்டர் தேன்மொழி அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"உனக்கு ஏதாவது கஷ்டம் இருக்குதாம்மா?"

"ஒண்ணும் இல்லீங்க. அவருதான் சொல்லிட்டே இருக்காரு. மாட்டேன்னா நாள் கணக்கா பேசறதில்ல. நான் எங்க போவேன்?" தமயந்தி அழுதுவிட்டாள்.

பரிசோதித்துப் பார்த்துவிட்டுத் தேன்மொழி ராஜவேலைக் கூப்பிட்டாள்.

"உங்க சம்சாரத்துக்கு எந்தக் குறையும் இல்ல. அவங்க வேணாம்னா ஊசி போட யாருக்கும் உரிமை இல்ல. புருஷனுக்கும்தான்!"

ராஜவேல் கைகூப்பினான். "தப்புதாங்க டாக்டர். வா தமயந்தி, வீட்டுக்குப் போலாம்."

வாசலில் தமயந்தி தேன்மொழியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க தைரியம் எனக்கு இல்லியே டாக்டர்!"

அவர்களுடைய பைக் கிளம்பிப் போனது. உள் அறையிலிருந்து தேன்மொழியின் கணவன், அதே கிளினிக்கின் இன்னொரு டாக்டர், கையுறையை மாட்டியபடி எட்டிப் பார்த்தான்.

"எல்லாரும் போயாச்சில்ல? வந்து படு. உனக்கு ஃபில்லர் ஊசி ரெடியா இருக்குது. இன்னைக்கும் சாக்கு சொல்லாத."

தேன்மொழி வெள்ளைக் கோட்டைக் கழற்றினாள்.