ஐந்து பேரில் ஒருவர்

சூதாட்ட விடுதியைக் கொள்ளையடிக்கும் ஐந்து பேர் கூட்டத்தைப் பற்றிய படத்தின் ஒன்பதாம் பாகம் வந்ததிலிருந்து, தெருவில் யாரும் கதையைப் பேசிக்கொள்வதில்லை. வீட்டுக்குள்ளும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துதான் பார்க்கிறார்கள். கூட்டத்தைக் காட்டிக்கொடுக்கும் துரோகி யார் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பார்க்கிறவருக்கு யார்மேல் சந்தேகமோ, அவருடைய ஜாடை துரோகிக்கு வந்துவிடும்.

மெர்சி மத்தியானம் தனியாகப் பார்த்தாள். அவளுக்குப் பூட்டு உடைக்கும் கிழவன்தான் துரோகி. பொய் சொல்லும்போதெல்லாம் அவன் காதுமடலை நீவிவிட்டுக்கொண்டான், அவள் புருஷன் செல்வினைப் போலவே. முதலில் சிரித்தாள். பிறகு, ஓவர்டைம் என்று அவன் கிளம்பிப்போன ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன.

சாயங்காலம் அவன் வந்ததும் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். "படம் பாத்தீங்களா? உங்களுக்கு யாரு துரோகி?"

"ஆபீஸ்லயே பாத்துட்டேன். டிரைவர்தான்." காதுமடலை நீவினான். "உனக்கு?"

மெர்சி அந்தக் கையையே பார்த்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். "எனக்கும் டிரைவர்தான். இருங்க, டீ போடுறேன்."

பால் பொங்கி வந்ததும் அடுப்பை அணைத்தாள். திரும்பினாள். செல்வின் அடுப்படி வாசலில் நின்று அவள் இடுப்பில் செருகியிருந்த முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் கூட்டத்துல கரண்ட் கட் பண்றவ ஒருத்தி இருக்காளே," என்றான் மெதுவாக. "என் படத்துல அவ பொய் சொல்றப்பல்லாம் முந்தானையை இடுப்புல செருகிக்கிட்டு டீ போடத்தான் எழுந்து போனா."