இடப்பக்கம் திரும்பவும்

"அந்த வீட்டை மெசேஜ்ல இருந்து எடுத்துடு, மேகலா," என்றான் வெங்கட், கூடாரத்தின் கயிற்றை முளைக்குச்சியில் இழுத்துக் கட்டியபடியே.

மேகலா போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "எந்த வீட்டை?"

"எந்த வீடா? உங்கப்பா வீட்டைத்தான்."

வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்து, எட்டுக் கூடாரங்கள் போட்டு, கணவனும் மனைவியும் இந்த முகாமைத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. சனி, ஞாயிறுகளில் ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் குடும்பங்கள் வரும். கூடாரமும், வருகிறவர்களைத் தோப்பின் கேட் அருகே நின்று அழைத்து வருவதும் வெங்கட்டின் வேலை. சமையலும், வாட்ஸ்அப்பில் வரவேற்புச் செய்தி அனுப்புவதும் மேகலாவுடையது.

ஊர் எல்லை தாண்டினால் போன் சிக்னல் கர்நாடகாவுக்கும் ஆந்திராவுக்கும் தாவிக்கொண்டே இருக்கும். மேப்பை நம்ப முடியாது. வருகிறவர்களுக்கு மேகலாவின் செய்திதான் வழி.

'வணக்கம்! தார் ரோடு ஒரு வீட்டின் முன்னால் வந்து முடியும். பச்சைக் கதவு, வாசலில் பிள்ளையார் மாடம். அங்கே இடப்பக்கம் திரும்பி ஒரு கிலோமீட்டர் வந்தால் எங்கள் தோப்பு. அவசரப்படாமல் வாங்க. சாப்பாடு சூடாக இருக்கும்.'

"நல்லாத்தானே போயிட்டிருக்கு?" என்றாள். "இதுவரைக்கும் ஒருத்தராவது வழி தப்பியிருக்காங்களா? போன வாரம் வந்தவங்க, 'வழி சொன்ன விதம் பிரமாதம்'னு எழுதியிருக்காங்க. உங்க கயித்துக் கட்டைப் பத்தி ஒரு வரி கிடையாது."

"கூடாரம் பறந்தாத்தான் அதைப் பத்தி எழுதுவாங்க." சிரித்தவன், உடனே குரலைத் தாழ்த்தினான். "பால்காரப் பெருமாள் சொன்னான். சனிக்கிழமையானா உங்கப்பா ரோட்டோரமா சேர் போட்டு உக்காந்துக்கினு, நம்ம தோப்புக்கு வர்ற காரையெல்லாம் நிறுத்துறாராம். கண்ணாடியை இறக்கச் சொல்லி என்னமோ பேசுறாராம்."

மேகலாவின் விரல் நின்றுவிட்டது. "என்ன பேசுறாராம்?"

"அது அவன் காதுல விழலை. நம்மளைப் பத்தி நல்லதாவா சொல்வாரு?"

சொல்ல மாட்டார்தான். வெங்கட்டின் அம்மா மாதேஸ்வரி ஒரு காலத்தில் மேகலாவின் அப்பா நாராயணப்பனின் தோட்டத்தில் கூலிக்கு மாங்காய் பறித்தவர். ஓசூர் கம்பெனியில் தன்னோடு வேலை பார்த்த வெங்கட்டைத்தான் கட்டிக்கொள்வேன் என்று மேகலா சொன்ன அன்று, "அப்படின்னா இந்த வாசலை மறந்துடு" என்றார் அப்பா. இரண்டு வருஷம் ஆயிற்று. அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. பைக்கில் அந்தப் பச்சைக் கதவைத் தாண்டும்போதெல்லாம் வெங்கட்டின் முதுகுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்வாள்.

"நாலு பேர் பாதியில திரும்பிப் போனா நாம கடையை மூட வேண்டியதுதான்," என்றான் வெங்கட். "மறுபடி ஷிப்ட்டுக்குப் போக என்னால ஆகாது. மாங்கூழ் கம்பெனி போர்டை அடையாளம் போட்டு, ஏரிக்கரை வழியா வரச் சொல்லிடு. சுத்துதான், பரவாயில்லை."

"நான் எழுதினதை ஒரு தடவையாவது படிச்சிருக்கீங்களா?"

"எழுத்தெல்லாம் உன் டிபார்ட்மெண்ட் தாயே. தினம் போற வழியைப் படிச்சு வேற பாக்கணுமா?"

தான் பிறந்த வீட்டைப் பற்றி யாரிடமாவது அவள் சொல்ல முடிந்த இடம் இந்தச் செய்தி ஒன்றுதான். அதை அவனிடம் எப்படிச் சொல்வது?

"இன்னைக்கு வர்றவங்களை நானே கேக்கறேன்," என்றாள் கடைசியில். "அப்பா நம்மளைத் தப்பாப் பேசியிருந்தா, இன்னையோட அந்த வீட்டை எடுத்துடறேன்."

ஐந்து மணிக்கு ஓசூர் வண்டி ஒன்று புழுதியோடு வந்து நின்றது. அன்றைக்குக் கூடாரம் பதிவு செய்திருந்த சுஜாதா முன்சீட்டிலிருந்து இறங்கி, பின்னால் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தட்டி எழுப்பினாள். மேகலா அடுப்பை அப்படியே விட்டுவிட்டுக் கேட்டுக்கு ஓடி வந்திருந்தாள்.

"வாங்க, வாங்க. வழியில ஒண்ணும் சிரமம் இல்லையே?"

"சிரமமில்லைங்க. ஆனா மொதல்ல உங்க மெசேஜை மாத்துங்க."

வெங்கட், 'நான் சொன்னேனே' என்பதுபோல் மனைவியைப் பார்த்தான்.

மேகலா அவனைப் பார்க்காமல் சுஜாதாவிடம் கேட்டாள். "பச்சைக் கதவு வீட்டுகிட்ட ஒருத்தர் வண்டியை நிறுத்தினாரா?"

"நிறுத்தினாரே! நிறுத்தலைன்னா நாங்க இந்நேரம் கல் குவாரிக்குள்ள நின்னிருப்போம். நீங்க இடப்பக்கம்னு போட்டிருக்கீங்க, தோப்பு வலப்பக்கம் இருக்கு. வர்ற கார் எல்லாம் அங்க வந்து தப்பாத் திரும்புதாம். அதுக்காகவே சனிக்கிழமை சனிக்கிழமை சேர் போட்டு உக்காந்திருக்காராம் பாவம். அவர் சொன்னதா இங்க சொல்லக் கூடாதுன்னு வேற கேட்டுக்கிட்டார். என் வாய் நிக்கலை."

"வலப்பக்கமா?" வெங்கட் மேகலாவின் போனை வாங்கிப் பார்த்தான். "பொறந்து வளர்ந்த ஊரு. உனக்கு எப்படி மேகலா தப்பும்?"

மேகலாவுக்கும் புரியவில்லை.

"நானும் அதைத்தான் அவர்கிட்ட கேட்டேன், ஊருக்குப் புதுசா யாராவது எழுதினதான்னு," என்றாள் சுஜாதா. "என் போனை வாங்கி ரெண்டு தடவை படிச்சார். அப்புறம் சொன்னார்: 'எம் பொண்ணு எழுதினதுங்க. ரோட்டுல நின்னு பாத்தா சோத்தாங்கைப் பக்கம். அவ எங்க வாசப்படியில நின்னு வெளிய பாத்து எழுதியிருக்கா. இந்த வாசலை மறந்துடுன்னு நான்தான் சொல்லியிருந்தேன்.'"